காய்ச்சல் விட்டுருச்சு

ஆம்புலன்ஸில் விபத்துக்கு ஒரு மரியாதை உண்டு, பிரசவத்துக்கு அதைவிட மரியாதை உண்டு. காய்ச்சலுக்குக் கிடையாது. "காய்ச்சக் கேஸுக்கெல்லாம் நாமளா?" என்று முனகிக்கொண்டேதான் எங்கள் டிரைவர் அண்ணன் வண்டியை எடுப்பார். நான் பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து போகிற டெக்னீசியன். காயத்துக் கிருமி ரத்தத்தில் கலந்து ஆளையே சாய்க்கிற செப்சிஸ்தான் எனக்குப் பெரிய பயம். அது சத்தம் போடாமல் வரும்.

ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் அது. விசைத்தறி ஓட்டுகிற அக்கா ஒருவர், காலில் தகரம் கிழித்த காயத்துக்குத் தறித்துணியையே கிழித்துக் கட்டியிருந்தார். பேண்டேஜ்தானே என்ற நம்பிக்கை. கிருமி நீக்காத வெறுந்துணி அது. சில நாளாகக் காய்ச்சல் கொதித்திருக்கிறது. நாங்கள் போனபோது, போன் போட்டுக் கூப்பிட்ட அவர் கணவரே வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"காய்ச்ச விட்டுருச்சும்மா. உடம்பு சில்லுன்னு ஆயிருச்சு. நீங்க போங்க."

தொட்டுப் பார்த்தேன். ஈரச் சில்லிப்பு. நாடி படபடவென்று ஓடியது, பிரஷர் கீழே கிடந்தது. அக்கா என்னைத் தன் மகள் என்று நினைத்து, "ஏட்டி, சாப்பிட்டியா?" என்றார். காய்ச்சல் விட்ட சில்லிப்பு இல்லை அது, செப்சிஸ் முற்றிய சில்லிப்பு. கெஞ்சியும் கத்தியும் வண்டியில் ஏற்றினேன்.

ஆக்சிஜன் வைத்து, டிரிப்ஸ் போட்டு, ஆஸ்பத்திரிக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கணவரோ கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் படிக்கும் மகளிடம், "அம்மாவுக்குக் காய்ச்ச விட்டுருச்சு, நீ பரீட்சய முடிச்சிட்டு மெதுவா வா" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். போனைப் பிடுங்கி, "உடனே வா" என்றேன். அவர் முறைத்த முறைப்பு! டிரைவரும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். அந்த வண்டியில் பயந்தவள் நான் ஒருத்திதான். அவ்வளவு தனியாக நான் எங்கும் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ஒப்படைத்ததோடு எங்கள் வேலை முடிந்தது. அப்புறம் என்ன ஆனது என்று யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. நானாக விசாரிக்கவும் பயம்.

மாதங்கள் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கணவர் என்னை மறித்தார்.

"ஏம்மா, காய்ச்ச விட்டு நல்லா இருந்தவ, நீ தூக்கிட்டுப் போன பொறவுதான் ஐசியூல படுத்தா. எம்புட்டு அலைச்சல்! எம் பொண்ணுக்கும் ஒரு பரீட்ச போச்சு."

அவருக்குப் பின்னால் அக்கா நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

சந்தோஷத்தில் எனக்கு அழுகை முட்டியது. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.