அக்காவிடம் மட்டும் கேட்காத கேள்வி

மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் எடுக்கும் அந்தப் பெண்ணுக்கு ‘என்ன முழுங்கினீங்க’ என்றே பட்டப்பெயர். இருபத்தாறு ஆண்டுகளாக, வந்தவர் எவராயினும், அக்கேள்விக்கு விடை பெற்றுச் சீட்டில் எழுதிய பின்னரே ஊசியைக் கையில் எடுப்பார். தலைமை மருத்துவர் ஒருமுறை, “வீட்டுல திட்டுதான் முழுங்கினேன்” என்றார். “சரிங்க டாக்டர். மாத்திரை?” என்றார் இவர், சிரிக்காமல்.

தையற்கடை நடத்திவந்த அவருடைய அக்காவுக்கு மாதவிடாய் நின்று ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. ஓயாத அயர்வுக்காகத் தங்கையே இரத்தம் எடுத்துச் செய்த பரிசோதனையில் ஈஸ்ட்ரோஜன் மிக உயர்ந்திருந்தது. ஸ்கேனில் தெளிவில்லை. சூலகத்தில் கட்டி மறைந்திருக்கலாம் என்று ஐயுற்ற மருத்துவர், சூலகத்தையே அகற்ற வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்.

திங்களன்று கடைக்குச் சென்ற தங்கை, நூற்கண்டுகளுக்கிடையே ஒரு புட்டியைக் கண்டார்.

“இது என்னக்கா?”

“பி வைட்டமின் மாத்திரைடி. ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் கழிச்சுவிட இது வேணும்னு பக்கத்துக் கடைக்காரி சொன்னா. முடியும் வளருமாம். ரெண்டு மாசமா தினம் ரெண்டு.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே!”

“நீ கேட்டியா? ஊரையெல்லாம் கேக்குற வாய், என்னைப் பாத்ததும் பூட்டிக்கிச்சு.”

உண்மைதான். அக்காவைப் பற்றித் தமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று, கேட்காமலே சீட்டில் ‘இல்லை’ என எழுதியிருந்தார்.

கடைக்காரி சொன்னதும் முழுப் பொய்யன்று. ஈஸ்ட்ரோஜனை மாற்றி வெளியேற்றும் கல்லீரலின் வேலைக்கு பி6, பி12, ஃபோலேட் ஆகியவை துணைநிற்கின்றன. ஆனால் அப்புட்டியில் அதே குடும்பத்துப் பயோட்டினும் பெருமளவில் இருந்தது. அது ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுவதில்லை. அதை அளக்கும் சில கருவிகளை ஏமாற்றி, இல்லாத உயர்வைக் காட்டச் செய்யும். ஆய்வகக் கருவியும் அவ்வகையே.

மறுநாள் காலை அந்தப் புட்டியோடு மருத்துவர்முன் நின்றார்.

“தப்பு என்னோடது டாக்டர். நான் கேக்கல.”

“உயர்வு நிஜமாவும் இருக்கலாமே?”

“இருக்கலாம். ஆனா இந்த அறிக்கையை வச்சுக் கத்தி எடுக்கக் கூடாது.”

மருத்துவர் புட்டியின் ஒட்டுச்சீட்டைப் படித்தார். “இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை காலையில மறுபடி எடுங்க. அதைப் பாத்துட்டு முடிவு.”

வெள்ளியன்று அறுவை அங்கியோடு அமர்ந்திருந்த அக்காவிடம், “என்ன முழுங்கினீங்க?” என்றார்.

“என்னடி புது மரியாதை? பயத்துல எச்சிலைத்தான் முழுங்கினேன்.”

“மாத்திரை?”

“செவ்வாய்க்கிழமையிலேருந்து தொடல.”

எழுதிய பின்னரே ஊசி இறங்கியது. நண்பகலில் வந்த அளவு அவ்வயதுக்கு முற்றிலும் பொருத்தமாக இருந்தது. மருத்துவர் அறுவையை ரத்துசெய்து கையொப்பமிட்டார்.

அக்கா அங்கியைக் கழற்றி விரித்துப் பார்த்தார்.

“தோள்பட்டைத் தையல் ஒரே கோணல். இதைப் போட்டுக்கிட்டா என்னை உள்ள அனுப்பப் பாத்தீங்க?” என்றவர், கடையைத் திறக்கப் புறப்பட்டார்.