அண்ணி பிழிந்த ரப்பர்

அண்ணி முட்டை வண்டி ஓட்டுகிறார். பண்ணைகளில் ஏற்றிக் கடைகளில் இறக்கும் வேலை, ஏழு வருடமாக. வண்டிக்கு வயது இருபத்திரண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வாய்க்காத ஒரு நிம்மதி அவர் முகத்தில் வரும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

அண்ணனுக்குப் பிடிக்காதது அந்த வண்டியின் பின்பக்கச் சத்தம். அவர் பள்ளிக்கூட வாத்தியார். காலையில் வண்டி ‘கிரீச், கிரீச்’ என்று பள்ளியைத் தாண்டும். அவர் வகுப்புக்குள் நுழையும்போது கடைசி பெஞ்சும் அதே சுருதியில் வரவேற்கும். மனுஷன் நொந்துபோனார்.

சத்தம் வந்த இடம் தெரிந்ததுதான். பின்சக்கரங்களுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளின் முனையில், போல்ட்டைச் சுற்றி ரப்பர் புஷ் உண்டு. அது கிழிந்தால் இரும்போடு இரும்பு உரசும். அண்ணி தானே ஜாக்கி போட்டுத் தூக்கி, புது புஷ் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினார். ஒரு மாதம் வண்டி பூனை மாதிரி போனது. பிறகு, பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி மாற்றினார். மறுபடியும் ஒரே மாதம்தான்.

அண்ணன் பொறுமை இழந்தார்.

“போதும்மா. தீவனக் கடைக்காரர் ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்னாரு. குடுத்துடலாம்.”

“குடுத்துட்டு நான் என்ன பண்றது?”

“வீட்ல இரு. ரெஸ்ட் எடு.”

கேட்காதவருக்கு ஓய்வு கொடுப்பது என்ன தாராளமோ. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அண்ணனிடம் என் வீரமெல்லாம் மனசுக்குள்தான்.

ஞாயிறு காலை அண்ணி கிழிந்த புஷ்ஷைக் கழற்றி என்னிடம் காட்டினார்.

“பாருங்க தம்பி, எப்படி இருக்கு?”

“துணியப் பிழிஞ்ச மாதிரி முறுக்கிட்டு இருக்கு அண்ணி.”

“போன தடவையும் இப்படித்தான். நான்தான் பிழிஞ்சிருக்கேன்.”

சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார். ரப்பரும் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் ஏற்றியதும் பட்டை நிமிரும், ரப்பர் நாள் முழுக்க முறுக்கியபடியே கிடந்து கிழியும். பாரத்தோடு நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

இந்த முறை புது புஷ்ஷைப் போட்டு, போல்ட்டை லேசாக மாட்டி வண்டியை இறக்கினார். ஏற்ற முட்டை இல்லை.

“எல்லாரும் பின்னாடி ஏறுங்க” என்றார்.

நான் ஏறினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் குடும்பத்தோடு ஏறினார். இஸ்திரி போட்ட சட்டையோடு அண்ணனும் ஏறினார். அந்த நேரம் பார்த்துத் தீவனக் கடைக்காரர் வந்து சேர்ந்தார், நல்ல கனத்த உடம்பு. அவரைக் கண்டதும் அண்ணியின் முகம் மலர்ந்தது.

“சார், நீங்களும் கொஞ்சம் ஏறிக்கிறீங்களா?”

விலை பேச வந்தவரும் பாரமானார். அண்ணி வண்டிக்கு அடியில் படுத்து நான்கு போல்ட்டையும் இறுக்கிவிட்டு, எங்களை அப்படியே வைத்துத் தெருவைச் சுற்றினார். பள்ளம் வந்தது, மேடு வந்தது, சத்தம் வரவில்லை. அண்ணன் இந்த வண்டியில் ஏறியது ஏழு வருடத்தில் அதுதான் முதல் முறை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வழியே அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழியிலும் அண்ணி வேகத்தைக் குறைத்து, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். குழி தாண்டியதும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

“அருமையான வண்டி. இன்னைக்கே எடுத்துக்கிறேன்” என்றார் தீவனக் கடைக்காரர், இறங்கியதும்.

பாவம், சரிசெய்ததே வினையாகிவிட்டது. அண்ணி சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“மன்னிச்சுக்குங்க சார். விக்கிறேன்னு சொன்னது தப்பு. வண்டி அவளோடது, நான் யாரு அதைச் சொல்ல?”

பிறகு அண்ணியிடம் திரும்பி, “சத்தம் திரும்ப வந்தா வரட்டும். நீ ஓட்டு” என்றார்.

நடுவழியில் எத்தனையோ முறை வண்டி நின்றபோதெல்லாம் கலங்காத அண்ணி, கிரீஸ் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.