கடைசிப் பக்கம் என்னுடையதல்ல

என் கதாநாயகியின் மாத்திரையை நிறுத்தியவர் டாக்டர் இல்லை. சென்னையில் உட்கார்ந்து மாதா மாதம் குடும்ப நாவல் போடுகிற ஒரு பதிப்பாளர். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மனச்சோர்வில் விழுந்த பெண், அவளை மீட்கும் காதலன் என்று இப்போது நாவல்கள் கொள்ளையாக வருகின்றன. நானும் விழுந்து விழுந்து படிப்பவள்தான். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே கூத்து. முதல் பாதியில் நாயகி இருட்டு அறையில் கிடப்பாள், குளிக்கமாட்டாள், ஆனாலும் கூந்தல் மணக்கும். இரண்டாம் பாதியில் ஆறடி உயரத்தில் ஒருவன் வந்து நெற்றியில் முத்தம் வைப்பான். தீர்ந்தது வியாதி. டாக்டர் என்று ஒருவர் வந்தால் அவர் நாயகனின் நண்பராக இருப்பார். ‘இவளுக்கு உன் அன்புதான் மருந்து’ என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். என்ன படித்துத் தொலைத்தாரோ!

நான் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவள். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளியில் தைராய்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். தைராய்டு கௌரவமான வியாதி. ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. யாரும் நம்மைப் பார்த்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வதில்லை.

என் கணவருக்கு எல்லாம் தெரியும். அவர் ஆறடி இல்லை, அதற்குக் கிட்டத்திலும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்காத ஒரு மாத்திரையை எனக்கு வெளியில்தான் வாங்க வேண்டும். பௌர்ணமி வந்தால் இந்த ஊர் அடைத்துக்கொள்ளும், பஸ்ஸையெல்லாம் திருப்பி விடுவார்கள், மருந்துக் கடைக்குப் போய்வருவதே பெரும்பாடு. அதனால் முதல் நாளே ஆபீஸிலிருந்து வரும்போது வாங்கி வந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார். வாங்கிவிட்டேன் என்றுகூடச் சொல்லமாட்டார். அந்த அட்டையைப் பார்க்கும்போது எனக்கு வருகிற நிம்மதிக்குக் காதல் என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது?

அதைத்தான் நாவலாக எழுதினேன். கடைசிப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், நாயகி சாப்பிட்டு முடித்து, மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடித்து, வெளியே காயப்போட்ட துணியை எடுக்கப் போவாள். வாயில் ஏதோ பாட்டு. அவ்வளவுதான்.

பதிப்பாளர் போன் செய்தார்.

“கதை நல்லாருக்கு மேடம். ஆனா ஹீரோ எப்பப் பாத்தாலும் மெடிக்கல் ஷாப்புக்கே போறான். அதுகூடப் பரவால்ல. கடைசியிலயும் அவ மாத்திரை சாப்பிட்டா வாசகர்களுக்கு ஏமாத்தமாயிடும். பாசிட்டிவ்வா முடிங்க.”

“அவ நல்லா இருக்கா சார். பாடிக்கினே துணி எடுக்கறா. அது பாசிட்டிவ் இல்லையா?”

“நீங்க திருவண்ணாமலைக்காரங்க. மலை மேல தீபம் எரியுது, அதைப் பாத்ததும் அவளுக்குக் குணமாயிடுதுன்னு வையுங்களேன். எப்படி இருக்கும்!”

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. நானும் தீபம் பார்க்கிறவள்தான். கிரிவலமும் போகிறவள்தான், கைப்பையில் மாத்திரையோடு. மலை என் மாத்திரையோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. முடியவே முடியாது என்றேன். “சரி மேடம், உங்க இஷ்டம்” என்று தேனாகப் பேசி போனை வைத்தார். நம்பிவிட்டேன்.

அந்த நாவலுக்காக ஒரு பெண் காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மனநல ஓ.பி.யில் எனக்குப் பழக்கமானவள். அங்கே வரிசையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் தலைவலிக்கு வந்தேன் என்பார்கள். இவள் ஒருத்திதான் முதல் நாளே, “எனக்கு ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் மனசு சரியில்லாமப் போச்சுக்கா. உங்களுக்கு?” என்று கேட்டாள். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், புருஷனோடு சேர்ந்து ஜூஸ் கடை வைத்திருக்கிறாள். கூட்டமில்லாத நேரத்தில் கடையில் உட்கார்ந்து நாவல் படிப்பாள். மாத்திரை சாப்பிட்டே நன்றாக இருக்கிற ஒருத்தியின் கதை எழுதியிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

மாத்திரையால் அவளுக்குத் தூக்கம் வந்தது, பசி வந்தது, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவும் முடிந்தது. ஆனால் வீட்டில் புருஷனின் ஓயாத பேச்சு.

“எங்கெங்கயோ இருந்து வந்து மலையைச் சுத்தறவங்களுக்கெல்லாம் குணமாவுது, மலையடியிலயே குந்திக்கினு இருக்கற உனக்கு இன்னாத்துக்கு மாத்திரைன்னு கேக்கறாருக்கா. சீக்கிரம் உங்க புக்கு வரட்டும், அவரைப் படிக்க வைக்கறேன். நான் சொன்னாத்தான் ஏறாது. அச்சுல போட்டிருந்தா நம்புவாரு.”

புத்தகம் வந்தது. பஸ் ஸ்டாண்டு கடைக்கு முதலில் வந்து, எழுதியவளுக்குச் சாவகாசமாகக் கூரியரில் வந்தது. நான் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நாயகி தீபத்தைப் பார்க்கிறாள். கண்ணில் நீர். நாயகனின் கையைப் பிடித்தபடி, ‘இனி எனக்கு நீங்கள்தான் மருந்து’ என்று சொல்லி, மாத்திரையை அட்டையோடு எரிகிற கற்பூரத்தில் போடுகிறாள். அந்த அட்டை எரிந்தால் என்ன நாற்றம் நாறும் என்றுகூட அந்த மனுஷன் யோசிக்கவில்லை. புத்தகத்தின் மேலட்டையில் என் பெயர், பெரிய எழுத்தில்.

போன் செய்து கத்தினேன். “சின்ன எடிட்டிங்தானே மேடம், எல்லாரும் அழுதுக்கிட்டே போன் பண்றாங்க, சூப்பரா போகுது” என்றார். அதற்குப்பின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஓ.பி.யில் அவள் இல்லை. வரவேண்டிய வாரம் அது. போன் செய்தால் சுவிட்ச் ஆஃப். அடுத்த திங்கட்கிழமை பௌர்ணமி. அன்றைக்கு எப்படியிருந்தாலும் கடையில்தான் இருப்பாள் என்று பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சாப்பிட்ட கையோடு கிளம்பினேன்.

எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தூங்கி நாளாகிவிட்டது என்று கண்ணிலேயே தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், வரவில்லை. அவள் புருஷன்தான் ஐஸ்கட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். கெட்டவன் முகமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். முகமெல்லாம் சந்தோஷம்.

“வாங்க மேடம்! உங்களுக்குக் கோடிப் புண்ணியம். நான் சொன்னா சண்டைக்கு வருவா. உங்க புக்கைப் படிச்சுட்டு மறுபேச்சு இல்ல, நிறுத்திட்டா. கொஞ்சம் தூக்கம்தான் கம்மியாக் கீது, சரியாப் போயிடும்.”

அவள் குனிந்தபடியே, “நீங்களே அப்படித்தான் எழுதினீங்களாக்கா?” என்று கேட்டாள்.

இதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

“அந்தக் கடைசிப் பக்கம் நான் எழுதினதில்லம்மா. என்னைக் கேக்காம மாத்திட்டாங்க.”

“உங்க பேரு போட்டிருக்குதே மேடம்” என்றான் அவன், பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டி. வாங்கினேன். கடைசித் தாளைக் கிழித்தேன். கசக்கி, பிழிந்த எலுமிச்சைத் தோல் கிடந்த கூடையில் எறிந்தேன். ஜூஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் பள்ளியில் படிக்கும் பையனின் அம்மா. “டீச்சர்?” என்றாள்.

கடைக்காரன் மிரண்டுபோய், “அப்ப கதை எப்படித்தான் மேடம் முடியுது?” என்று கேட்டான்.

அவசரத்தில் மத்தியான மாத்திரையை நான் போட்டிருக்கவில்லை. கைப்பையைத் திறந்து எடுத்தேன். அந்த அம்மா பார்க்கட்டும், நாளைக்குப் பள்ளிக்கூடமே பேசட்டும், அந்த நேரத்தில் எனக்குக் கோபத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“இப்படித்தான் முடியுது. பாத்துக்கோங்க. இது தலைவலிக்கு இல்ல, தைராய்டுக்கும் இல்ல. இவ சாப்பிட்டுக்கினு இருந்தாளே, அதே வியாதிக்கு. நான் நிறுத்தல. டாக்டர் சொல்ற வரைக்கும் நிறுத்தவும் மாட்டேன். எனக்குப் புருஷன் இருக்காரு, நல்லாவே வெச்சுக்கினு இருக்காரு. அவரு மாத்திரை வாங்கித் தர்றாரு, மாத்திரையா மாறல.”

மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தேன். அவள்தான் எலுமிச்சை நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். போட்டு விழுங்கினேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்குச் செவ்வாக்கிழமை. விடிஞ்சதும் நான் ஓ.பி.க்குப் போறேன். கடையை நீங்க பாத்துக்கங்க.”

“பௌர்ணமிக் கூட்டம்டி. நாளைக்கும் ஆளு வரும்.”

“வரட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.