காற்றோட்டமான கிளவுஸ்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் வரவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று நாலைந்து பேர் விசாரித்திருந்தீர்கள். நன்றி. உடம்பு நன்றாகவே இருந்தது. கண்தான் ஒன்று குறைந்தது.

காரணம் கம்பளிப்பூச்சி என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையான காரணம் ஒரு ஜோடி கிளவுஸ். இன்னும் உண்மையாகச் சொன்னால், அதைத் தேர்ந்தெடுத்த ஆள்.

கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் தாண்டி உள்ளே போனால் எங்கள் தெரு. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். அதில் ஒரு முருங்கை மரம், நாலு கத்தரிச் செடி, ஒரு போகன்வில்லா. பத்தி எழுதுகிறவனுக்கு இது போதும். ஒரு வருஷம் ஓட்டலாம்... ஓட்டியிருக்கிறேன். 'கிளவுஸ் என்பது மனிதனுக்கும் மண்ணுக்கும் நடுவில் எழுப்பிய சுவர். வெறும் கையால் தொடுங்கள்' என்று போன ஆடி மாதம் எழுதினவன் நான்தான். பாராட்டினீர்கள். எழுதி முடித்த சூட்டில் போகன்வில்லாவை வெட்டப் போய், கட்டைவிரலில் முள் ஏறி, ஒரு வாரம் சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டதை மட்டும் எழுதவில்லை.

கார்த்திகை மழை விட்டதும் முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தது. பகலெல்லாம் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். தள்ளி நின்று பார்த்தால் மரத்துக்கு யாரோ ஸ்வெட்டர் மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதன் ரோமம் மேலே பட்டால் போச்சு. தடிக்கும், அரிக்கும், தூங்க விடாது.

மரம் என்னுடையது. ஆனால் அதில் பாதி சாய்ந்திருப்பது பக்கத்து வீட்டுக்குள். அங்கே ஸ்டெல்லா மேடம் இருக்கிறார். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை, விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார். நாலு வருஷமாக அக்கம்பக்கம். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. எங்களுக்குள் ஒரே பேச்சு முருங்கை மரம்தான்.

"சார், கொடியில காயற துணியில பூச்சி விழுது. இந்தப் பக்கம் வர்ற கிளையை மட்டும் வெட்டிடுங்களேன்."

மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் அவருக்கு இயற்கையைப் பற்றி விளக்கினேன். நாலாவது முறை அவர் எதுவும் சொல்லவில்லை. பூச்சி ஒட்டிய துப்பட்டாவைக் கொண்டுவந்து எங்கள் மதில்மேல் விரித்துவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவி வசந்தி அதைப் பார்த்தாள். கணக்கு டீச்சர். அதிகம் பேச மாட்டாள்.

"ஏங்க... ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பூச்சியை எடுங்க. இல்லன்னா திங்கக்கிழமை மரத்தை எடுக்க நான் ஆள் கூட்டிட்டு வர்றேன்."

அந்த மரத்துக் கீரையும் காயும் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. வேறு வழியில்லை. கிளவுஸ் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன்.

ஹார்டுவேர் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா வேலைக்கு சார்?"

"தோட்ட வேலைக்கு."

"தோட்டம்னா... மண்ணு நோண்டவா, முள்ளு வெட்டவா, மருந்து அடிக்கவா?"

கம்பளிப்பூச்சிக்கு என்று சொல்ல எனக்குக் கூச்சம். "எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு கொடுங்க" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஆவுற மாதிரி கீறது வெறும் கைதான் சார்" என்றார், சிரிக்காமல். அப்புறம் ஒரு அட்டைப்பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? ரப்பரில் முழங்கை வரை வருகிற ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தேன், பாத்திரம் கழுவப் போகிறவன் மாதிரி இருந்தது. தோலில் ஒன்று, விரல் மடங்கவில்லை. கடைசியில் வெள்ளை வெளேரென்று பின்னல் நூல் கிளவுஸ். உள்ளங்கையில் நீலப் புள்ளிகள். மெத்தென்று இருந்தது, காற்றும் உள்ளே வந்தது. எனக்குக் கை வியர்க்கும். போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடியில் பார்த்தேன்... அழகாகவே இருந்தேன். வாங்கிவிட்டேன். சைஸும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வசந்தி கேளம்பாக்கத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் கரைத்து வைத்துக்கொண்டு, அடிமரத்திலிருந்து பூச்சிகளைக் கொத்துக் கொத்தாக வழித்துப் போட ஆரம்பித்தேன். கை அரிக்கவே இல்லை. இவ்வளவு சுலபமா? இதை வைத்து இரண்டு வாரம் எழுதலாமே என்றுகூடத் தோன்றியது.

மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. ஸ்டெல்லா மேடம் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்த கிளவுஸ் வேணாம். அது நூல்."

"பரவாயில்ல மேடம். நல்ல காற்றோட்டமான கிளவுஸ். பார்த்துத்தான் வாங்கினேன்."

"காத்து போற இடத்துல பூச்சி முடியும் போகும் சார். எல்லாம் அதுல சிக்கிட்டு இருக்கும். முகத்தைத் தொட்டுடாதீங்க."

"எனக்குத் தெரியும் மேடம்" என்றேன்.

சொல்லிவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தேன். அந்தக் கையால்தான். அப்படியே கழுத்தையும், இடது கண்ணையும்.

இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கழுத்தில் யாரோ மிளகாய்ப் பொடியைத் தேய்த்த மாதிரி பிடித்துக்கொண்டது. கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி. தேய்க்கப் போனேன்.

"கையைக் கீழ போடுங்க சார். கண்ணைக் கசக்கக் கூடாது."

அதட்டல்தான். நான் கையைக் கீழே போட்டேன். கேட்டைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தது தெரிந்தது. கிளவுஸை வெளிப்பக்கம் உள்ளே போகிற மாதிரி உருட்டிக் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கட்டினார். வீட்டிலிருந்து எடுத்து வந்த அகலமான செல்லோ டேப்பை என் நெற்றியிலும் கழுத்திலும் ஒட்டி, விருட்டென்று உரித்தார். டேப் முழுக்கப் பொடிப் பொடியாக முடி. நான் கத்தாமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான்.

கண் அதற்குள் மூடிக்கொண்டுவிட்டது. "இதை டாக்டர்தான் பார்க்கணும். ஏறுங்க" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஹெல்மெட் வீங்கின முகத்தில் இறங்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். மெயின் ரோட்டில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் பார்த்தார்கள். நான் ஒரு கண்ணால் வணக்கம் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஒரு கண் ஆஸ்பத்திரியில், சின்ன வயசு டாக்டர் மருந்து விட்டு, இமையைத் திருப்பி, மெஷினில் பார்த்து, இரண்டு ரோமத்தை எடுத்தார். "இன்னும் கொஞ்சம் தேய்ச்சிருந்தா கருவிழிக்குள்ள இறங்கியிருக்கும் சார். அப்புறம் பார்வைக்கே பிரச்சினை. பூச்சி எடுக்கும்போது கிளவுஸ் போட்டிருக்கலாமே?"

"போட்டிருந்தேன் டாக்டர். அதனாலதான்."

அவருக்குப் புரியவில்லை. ஸ்டெல்லா மேடத்தைப் பார்த்தார்.

"நூல் கிளவுஸ் டாக்டர்" என்றார் அவர்.

"ஓ..." என்றார் டாக்டர்.

கண்ணில் கட்டுப் போட்டு, கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். பார்வைக்கே பிரச்சினை என்ற சொல் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பயம் என்றால் நிஜமான பயம். பேசினால் தேவலை போலிருந்தது.

"மேடம், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சேஃப்டி டிபார்ட்மென்ட் சார். எந்த வேலைக்கு எந்த கிளவுஸ்னு பார்த்துக் கொடுக்கறதுதான் என் வேலையே."

காலையில் அவரிடம்தான் 'எனக்குத் தெரியும் மேடம்' என்று சொல்லியிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே வலது கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் நகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மேல் கணு முழுசாகப் போயிருந்தது.

"முதல்ல நான் டிரில்லிங் மெஷின்ல ஆபரேட்டர் சார். சுத்தற மெஷின் பக்கத்துல கிளவுஸே போடக் கூடாது. சொல்லித்தான் கொடுத்திருந்தாங்க. எனக்குக் கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருந்துச்சு. கை கறுத்துடுமேன்னு நானே கடையில வாங்கிப் போட்டுக்கிட்டேன். இதே மாதிரி, வெள்ளை நூல் கிளவுஸ். ஒரு இழைதான் மெஷின்ல மாட்டுச்சு. மீதியை அது இழுத்துக்கிச்சு."

அவர் அழவில்லை, குரலும் மாறவில்லை. "போடாம இருந்திருந்தா விரல் இருந்திருக்கும் சார்" என்றார். "அதான் காலையில அதை உங்க கையில பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நாலு வருஷம். மதிலுக்கு மேல் அந்தக் கை எத்தனை முறை கிளையைக் காட்டியிருக்கும்? நான் ஒரு முறையும் கையைப் பார்க்கவில்லை. காட்டின கிளையையும் பார்க்கவில்லை. இயற்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"கிளையை வெட்டிடறேன் மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"முதல்ல கண்ணு சரியாகட்டும்" என்றார்.

போன ஞாயிறு அவரே வந்தார். கையில் டெய்லர் டேப். "என்ன வேலை செய்யப் போறீங்க?" என்று கேட்டார். கடைக்காரர் கேட்ட அதே கேள்வி. இந்த முறை ஒழுங்காகப் பதில் சொன்னேன். கிளை வெட்டணும், மிச்சமிருக்கிற பூச்சியை எடுக்கணும். என் உள்ளங்கையைச் சுற்றி டேப்பை வைத்துப் பார்த்தார்.

"நீங்க மீடியம் சார். ஆம்பளைங்க எல்லாருமே லார்ஜ்னுதான் கேட்டு வாங்கறாங்க. அப்புறம் பிடி நழுவுதுன்னு வந்து நிப்பாங்க."

பூச்சிக்கு அவர் வாங்க வைத்தது, நான் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த அந்த நீள ரப்பர்தான். வழவழவென்று இருப்பதால் முடி சிக்காது, கழற்றுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கையோடு கழுவிவிட வேண்டும். போகன்வில்லாவுக்குத் தோல். கத்தரிக்குக் களை எடுக்க, உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசின மெல்லிசு. ரம்பம் பிடிக்க அதுவே போதும் என்றார். பூச்சியை முதலில் எடுத்தோம், கிளையைப் பிறகு வெட்டினோம். வசந்தி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மரம் தப்பித்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் மறுபடியும் துணி ஏறியது.

அன்று சாயங்காலம் எங்கள் நகர் நலச்சங்கக் கூட்டம். மழைநீர், தெருநாய் எல்லாம் பேசி முடித்த பிறகு, ரிட்டயர்டு ஆன ஒருவர் இன்னும் சிவந்திருந்த என் கண்ணைப் பார்த்துவிட்டு எழுந்தார். மொட்டை மாடியில் தோட்டம் போடப் போகிறாராம். "நீங்க தோட்டத்தைப் பத்தி எழுதறவராச்சே சார்... எந்த கிளவுஸ் நல்லது?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "ஸ்டெல்லா மேடத்தைக் கேளுங்க. அவங்களுக்குத்தான் தெரியும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தி திரும்பி, என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அந்த டாக்டர் கண்ணை மட்டும்தானே பார்த்தாரு?" என்றாள்.