இரண்டாம் இடத்திலேயே நின்ற பாட்டு

பெரியம்மாவுக்குப் பாட்டில் ஆசை கிடையாது. அவள் வேலை பார்க்கும் சலவை நிலையத்தின் பின்னறையில், கடை திறந்ததிலிருந்து மூடும்வரை ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். அதை அணைக்கும் உரிமை முதலாளிக்கு மட்டும்தான். கொதிகலனின் இரைச்சல், நீராவியின் சீறல், ரேடியோ, மூன்றும் பல வருஷங்களாக அவள் காதில் ஒரே சத்தமாகத்தான் விழுந்தன. போன வருஷம்தான் அதிலிருந்து ரேடியோவை மட்டும் பிரித்துக் கேட்கத் தொடங்கினாள். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் என் அம்மாவின் அக்கா. ஒரே கட்டடத்தில் நாங்கள் இரண்டாம் மாடி, அவள் நான்காம் மாடி. சட்டைக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. கையால் அல்ல, மேசை அளவுள்ள இயந்திரத்தால். சட்டையை விரித்துவிட்டு ஒரு மிதியை அழுத்தினால் மேல்பலகை மூடிபோல இறங்கி நீராவியைக் கக்கும். இன்னொரு மிதியை அழுத்தினால் ஈரத்தை உறிஞ்சிவிடும். முதலில் காலர், அப்புறம் கைப்பட்டி, தோள், கடைசியில்தான் உடம்பு. "காலர் கோணினா ஆளே கோணல்" என்பாள். பின்னறையில் அவள் மட்டும்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் கறை எடுக்கிறவர் இருப்பார். அவரை எல்லோரும் கறை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சட்டையில் மட்டும் எப்போதும் ஏதாவது ஒரு கறை இருக்கும்.

பெரியப்பா வேறு நகரத்தில் வேலை கிடைத்துப் போனவர், திரும்பி வரவில்லை. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. வருவது குறைந்தது, பிறகு நின்றது. அவர்கள் மகன், எனக்குத் தம்பி முறை, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "நான் அப்பாகிட்ட போய்ப் படிக்கறேன்" என்றான். பெரியம்மா, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று மட்டும் கேட்டாள். அவன் போவதற்கு முந்தின நாள் அவனுடைய துணி எல்லாவற்றையும் கடைக்கு எடுத்துப்போய், கைக்குட்டை வரை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து பெட்டியில் அடுக்கினாள்.

என் அம்மாவுக்குத் தாங்கவில்லை. "போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாய்ல பூட்டா போட்டிருக்கு?"

"போறேங்கறவன எப்படிடி போகாதங்கறது? அவனுக்கே தோணணும்."

அவனுக்குத் தோன்றவில்லை. போய்விட்டான்.

அதன்பிறகு ஞாயிறு சாயங்காலம் தவறாமல் பெரியம்மா அவனுக்குப் போன் செய்வாள். நான் பள்ளி முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்ததால், பெரும்பாலும் அவள் வீட்டில்தான் இருப்பேன். அவளுக்குப் போனைக் காதில் வைத்துப் பேச வராது. வெளியே கேட்கும்படி வைத்துக்கொண்டு பேசுவாள்.

"சாப்டியா கண்ணு?"

"ம்."

"படிக்கறியா?"

"ம்."

"அங்க மழையா?"

"ம்ஹூம்."

மூன்று கேள்வி முடிந்ததும் கையில் வேறு சரக்கு இருக்காது. "சரி, வெச்சிடட்டா?" என்பாள். அதற்கும் "ம்" தான். அவன் வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பாள், சூடு ஆறட்டும் என்பதுபோல.

போன வருஷத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, மூன்று கேள்வியும் தீர்ந்து நின்றபோது, பக்கத்து வீட்டில் ஒரு பாட்டு ஓடியது. ஒரு பெண் விசிலடித்துக்கொண்டே பாடுகிற பாட்டு. வேறு எதுவும் கிடைக்காமல் பெரியம்மா சொன்னாள்: "இந்த விசில் பாட்டு இந்த வாரம் முதல் இடத்துக்கு வந்துருச்சாமே."

அதற்கு "ம்" வரவில்லை. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ரேடியோல சொன்னான்."

"அது போன மாசமே வந்திருக்க வேண்டியது. நடுவுல அந்த மூணு பேர் பாட்டு வந்து கெடுத்துருச்சு."

வைத்ததும் பெரியம்மா செருப்புக்கூடப் போடாமல் இரண்டு மாடி இறங்கிப் போய் என் அம்மாவிடம், "முழுசா பேசினான்டி. அவனா கேள்வி கேட்டான்" என்றாள். யாருக்கோ வேலை கிடைத்ததுபோல இருந்தது அவள் முகம்.

அன்றிலிருந்து ஞாயிறு மதியம் அவள் வீட்டில் ரேடியோ. அந்த வாரம் அதிகம் கேட்கப்பட்ட இருபது பாட்டுகளை, கடைசியிலிருந்து முதல்வரை ஒருவன் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவான். எப்போதும் ஜலதோஷம் பிடித்தது போன்ற குரல். பெரியம்மா பரீட்சை முடிவு கேட்பதுபோல உட்கார்ந்திருப்பாள். பாடகர்களின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் அவளே பெயர் வைத்துக்கொண்டாள். விசில் பொண்ணு. மாடிப்படி, அவன் பாட்டில் யாரோ படி ஏறுகிற சத்தம் கேட்கும். கண்ணாடிக்காரி. தம்பிக்கும் இந்தப் பெயர்கள் பிடித்துப்போய்விட்டன. "மாடிப்படி எட்டாம் இடத்துக்கு எறங்கிட்டாரும்மா" என்று அவனே ஆரம்பிப்பான். சில வாரம் சிரிப்புக்கூடக் கேட்டது.

ராப் பாட்டுகள் முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. "இவன் பாடறானா, யாரையாவது திட்டறானா?" என்று கறை அண்ணனைக் கேட்டாளாம். அவர், "திட்டறதுன்னா என் பொண்டாட்டி இதவிட வேகம்" என்றாராம். பிறகுதான் கண்டுபிடித்தாள், அந்தத் தாளத்துக்கு இயந்திரத்தின் மிதி சரியாகப் பொருந்துகிறது. "கால் தன்னால மிதிக்குது. காதல் பாட்டு வந்தாத்தான் பயமா இருக்கு, கால் மெதுவாகி சட்டை கருகிடும்போல" என்றாள்.

"இந்த வயசுல பேரன் கேக்கற பாட்டெல்லாம் எதுக்குக்கா?" என்று கறை அண்ணன் சீண்டினார்.

"பேரன் எங்க? புள்ளையே இப்பத்தான் வாயத் தொறந்திருக்கு."

ஆனால் மழைக்காலம் தொடங்கியபோது சோதனை வந்தது. ஒரு சோகப் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. பிரிந்துபோன காதலியை நினைத்து ஒருவன் பியானோவோடு அழுவான். பெரியம்மா அவனுக்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்தாள். அடுத்த வாரமும் அழுமூஞ்சி. அதற்கடுத்த வாரமும் அவனே. மழை ஓய்ந்தும் அவன் இறங்கவில்லை. முதலிடத்தில் மாற்றம் இல்லையென்றால் பேச என்ன இருக்கிறது?

"இந்த வாரமும் அவன்தான்."

"ம்."

பழைய "ம்" திரும்பி வந்தது. பெரியம்மா அந்தப் பாடகனைச் சொந்த விரோதிபோலத் திட்டினாள். "ஒருத்தி போனா போறா, அதுக்கு வருஷம் பூரா ஒப்பாரியா? நாலு பேருக்கு வழி விடேன்டா." பின்னறையில் அந்தப் பாட்டு வந்தால் மிதியை ஓங்கி மிதிப்பாள், நீராவியில் பாட்டு கேட்காமல் போகட்டும் என்று.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலிடத்தை விட்டுவிட்டுக் கீழே பார்த்தாள். பதினெட்டாம் இடத்தில் புதிதாக ஒருவன் வந்திருந்தான். பாட்டு முழுக்க மூச்சே விடாமல் பேசிக்கொண்டே போகிற ராப் பையன். அவனுக்கு மூச்சுவிடாதவன் என்று பெயரானது. "இவன் ஏறுவான்டா, பாத்துக்கிட்டே இரு" என்றாள் போனில்.

"சான்ஸே இல்லம்மா. அழுமூஞ்சி விடமாட்டான்."

"ஏறுவான்."

மூச்சுவிடாதவன் ஏறினான். பதினொன்று, ஏழு, நான்கு. அவன் ஏற ஏற, தம்பியின் பேச்சும் ஏறியது. வருஷம் முடிய சில வாரங்கள் இருக்கும்போது பாட்டு இரண்டாம் இடத்துக்கு வந்தது. அன்று தம்பி சொன்னான்: "சரி, பந்தயம். இந்த வருஷம் முடியறதுக்குள்ள இவன் ஃபர்ஸ்ட் வந்துட்டா, லீவுக்கு நான் அங்க வரேன்."

பெரியம்மா சிரித்தாள். "ஏமாத்தக் கூடாது" என்றாள். போனை வைத்ததும் அந்த வருஷத்தில் மிச்சமிருந்த ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணினாள். போனவன் இதுவரை ஒரு தடவைகூட வரவில்லை.

அடுத்த நாளே அவள் என்னிடம், பாட்டு எப்படி முதலிடம் வருகிறது என்று கேட்டாள். எவ்வளவு பேர் எவ்வளவு தடவை போனில் ஓட விடுகிறார்களோ அதை வைத்து என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். காலர் விறைப்பாக நிற்க உள்ளே செருகும் பட்டைகள் வைத்திருக்கும் தகர டப்பாவுக்குள் தன் போனை வைத்து, மூச்சுவிடாதவன் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டாள். பின்னறையில் ரேடியோவைத் தவிர வேறு சத்தம் கூடாது என்பது முதலாளி சட்டம். அதனால் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டாள். கொதிகலன் அறையின் சூட்டில் போன் தோசைக்கல்லாகும். ஈரத்துணியில் சுற்றி ஆறவைத்து மறுபடி ஓட விடுவாள். கறை அண்ணனையும் விடவில்லை. "உங்க புள்ளைங்க போன்லயும் போடச் சொல்லுங்க." சட்டை வாங்க வருகிறவர்களிடம் கவுண்டரில் இருக்கும் அக்கா பாவம், "அந்த ராப் பாட்டு கேட்டீங்களா, நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. கோட்டு சூட்டுக்காரர் ஒருவர், "என் டை எங்கம்மா?" என்று மட்டும் கேட்டாராம்.

பாட்டு இரண்டாம் இடத்திலேயே நின்றது. அழுமூஞ்சி அசையவில்லை.

வருஷத்தின் கடைசி ஞாயிறு. ஜலதோஷக் குரல்காரன் அன்று வரிசையைச் சொல்வதற்கு முன்னால், பல பேர் கேட்டிருந்ததால் கணக்கு எப்படி என்று விளக்கினான். ஒரே போனில் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடுவதையும், ஒலியில்லாமல் ஓடுவதையும் தங்கள் வரிசையில் சேர்ப்பதில்லை என்றான். பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவன் இருபதிலிருந்து வரிசையாகச் சொல்லி வந்து, இரண்டாம் இடத்தில் மூச்சுவிடாதவன் பாட்டைச் சொன்னான். அதற்குமேல் கேட்கத் தேவையில்லை. பெரியம்மா ரேடியோவை அணைத்தாள்.

போனில் தம்பியே ஆரம்பித்தான். "தோத்துட்டம்மா."

"ஆமாடா. நான் டப்பால வெச்சு ஓட்டினதெல்லாம் கணக்குல சேரலயாம்."

"நானும்தான் ஓட்டினேன். என் போன்லயும் அப்பா போன்லயும்."

"நீ எதுக்குடா?"

"சும்மாதான்" என்றான்.

நான் பெரியம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினேன். அவளோ, "சரி கண்ணு, பரவால்ல. பந்தயம்னா பந்தயம்தான்" என்றாள். அவனும் "ம்" என்று வைத்துவிட்டான்.

"பெரியம்மா, அவனுக்கு வரணும்னு ஆசை. இல்லாட்டி எதுக்கு ரெண்டு போன்ல போடறான்?"

"ஆசைன்னா வந்திருப்பானே."

"நீங்க வான்னு சொல்லவே இல்லையே."

"அது அவனுக்குத் தெரியாதா?"

தம்பியின் கட்டிலில், அவன் வந்தால் விரிக்கலாம் என்று கடையிலிருந்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்த விரிப்பு மடித்தபடியே இருந்தது. பெரியம்மா மடிப்பு கலையாமல் அதை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

புது வருஷத்தின் முதல் ஞாயிறு, மூச்சுவிடாதவன் முதலிடத்துக்கு வந்துவிட்டான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா? பெரியம்மா பாட்டு முழுவதையும் கேட்டாள். மூச்சுவிடாதவன் முடித்ததும், ஓடி வந்தவள்போல அவளே ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"அம்மா, கேட்டியா? ஃபர்ஸ்ட் வந்துட்டான். ஆனா போன வருஷத்துப் பந்தயம், கணக்குல சேராது."

"பாட்டு கெடக்கட்டும் கண்ணு. நீ வா."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "லீவு முடிஞ்சாலும் பரவால்ல. ஒரு நாள்னாலும் சரி. எனக்கு உன்னப் பாக்கணும். அன்னிக்கே போகாதன்னு சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியல."

அதற்கு அவன் "ம்" என்றான். எந்த "ம்" என்று எனக்குப் புரியவில்லை. பெரியம்மாவுக்கும் புரிந்திருக்காது. வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனவள் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

இதை எழுதும்போது அவன் இன்னும் வரவில்லை. பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறான். பெரியம்மா ஞாயிறு மதியம் ரேடியோ போடுவதில்லை. சாயங்காலம் போன் மட்டும் செய்கிறாள், இப்போது காதில் வைத்துப் பேசப் பழகியிருக்கிறாள். போன வாரம் நான் அங்கே இருந்தபோது அவன் ஏதோ கேட்டான். அவள், "தெரியலடா, இந்த வாரம் யாருன்னு நான் கேக்கல" என்றாள். பிறகு, "நீ சாப்டியா?" என்றாள். அதற்கு அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, நடுவில் ஒரு வார்த்தையும் பேசாமல், நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.