கை டூ-ஃபோர், நினைப்பு டூ-எய்ட்

வளையல் கடைக்காரிக்கு முகம் மறந்துபோகும், கை மறக்காது. டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் இத்தனை வருஷமாக என் கடை. கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு என் பாடு புரியும்: தன் கை அளவைச் சரியாகச் சொன்ன ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.

பெரிய கை

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு திருநெல்வேலி அக்கா வருவார். "டூ-எய்ட் எடு, ஜல்தி!" என்பார். அது பெரிய கைக்கான சைஸ். அவர் விரல்களோ வெண்டைக்காய். சொன்னால் கேட்டால்தானே! போட்டுக்கொண்டு கையைத் தொங்கவிட்டார், அத்தனையும் தரையில் உருண்டது. சின்னக் கைக்கான டூ-ஃபோரை ஏற்றிவிட்டேன். கச்சிதம். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் கையா? பாத்திரம் தேய்ச்சு உரல் மாதிரி ஆயிட்டுன்னுல்லா நெனச்சேன்!"

அட்டைக்கு அடியில்

என் மகள் சுதா சைக்காலஜி படித்த காலம். சாயங்காலமானால் கடைக்கு வந்துவிடுவாள், கடையே கலகலக்கும். அந்தச் சாயங்காலங்கள் இனி வருமா? ஒருநாள் என் கையை ஓர் அட்டைக்கு அடியில் வைக்கச் சொல்லி, விரல் நுனியும் விரல் முட்டியும் எங்கே இருக்கின்றன என்று அட்டைமேல் புள்ளி வைக்கச் சொன்னாள். என் கை எனக்குத் தெரியாதா! வைத்தேன். கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விரலெல்லாம் குட்டை, புறங்கை அகலமோ அகலம். கண் பார்க்காதபோது எல்லார் மூளையும் இப்படித்தான் தப்புக்கணக்குப் போடுமாம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் மூளைக்குள்ள இருக்கறது கை இல்லேம்மா, தோசைத்திருப்பி!"

வளைகாப்பு

கல்யாணமாகி வெளிநாடு போனவள் வளைகாப்புக்குத்தான் வந்தாள். அளவு கேட்கவே இல்லை. பெற்றவள் கேட்க வேண்டுமா? பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் டூ-ஃபோர்தான். பச்சைக் கண்ணாடி வளையலாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தேன்.

முதல் வளையலை நான் போட்டேன். முட்டியிலேயே நின்றுவிட்டது. மாசமாக இருந்தால் கை வீங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்! அழுத்தினால் உடையும். அன்றைக்குப் போய் உடையலாமா? சம்பந்தியம்மா வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுதா அந்த வீங்கிய கையால் என் கன்னத்தைத் தொட்டாள்.

"அம்மா, உனக்குள்ள என் கை இன்னும் ஸ்கூலுக்குத்தான் போயிட்டிருக்கு."

விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்று போர்டு மாட்டியிருக்கிற நானே கடைக்கு ஓடிப்போய் டூ-எய்ட் கொண்டுவந்து அந்த டூ-ஃபோரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், இன்னொரு கைக்கு விற்கத்தான் இன்னும் மனசு வரவில்லை.