விருந்தாளிக்கு முதல் ஆட்டம்

பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடையில் பத்திரிகையை உரக்கப் படித்து அர்த்தம் சொல்வது பல வருடம் என் தலையில் விழுந்த வேலை. ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, இங்கிலீஷ் தெரியும், அது ஒன்றுதான் நான் செய்த குற்றம். பகலெல்லாம் கண்ணை அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அந்தக் கடைக்குக் கொடுப்பேன். முப்பத்தெட்டாம் வருடம் ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம் அப்படிப் படித்தது பிரான்சில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துச் செய்தி.

நமக்குப் பக்கத்து வீடான ஜாவாவிலிருந்து, டச்சுக் கொடியின் கீழ் ஒரு குழு போயிருந்தது. மூன்று வாரம் போலக் கப்பல் பயணம். ஹங்கேரியோடு ஆடி ஆறு கோல் வாங்கினார்கள், ஒன்றும் போடவில்லை.

"அப்புறம் எப்ப ஆடுவாங்க?" என்றார் கடைக்காரர், கத்தியைத் தீட்டியபடி.

"இனிமே இல்லண்ணே. தோத்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"ஒரு ஆட்டத்துக்கா அவ்ளோ தூரம் போனாங்க?"

விளக்கினேன். முப்பதில் உருகுவேயில் நடந்த முதல் கோப்பையில் நாடுகளை மூன்றும் நான்குமாகப் பிரித்திருந்தார்கள். தோற்றவனுக்கும் இன்னோர் ஆட்டம் உண்டு. அடுத்த முறை இத்தாலியில் அந்த இரக்கத்தை எடுத்துவிட்டார்கள். பிரேசிலும் அர்ஜென்டினாவும் கடல் தாண்டி வந்து ஆளுக்கு ஓர் ஆட்டம் ஆடித் திரும்பின. இப்போதும் அதே கதைதான். இதில் சுவீடனுக்கு மட்டும் யோகம். எதிரே ஆட வேண்டிய ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கிவிட்டதால், ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. அந்த வரி வந்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். கண் வலிக்கிறது என்றேன். வலித்தது கண் இல்லை.

நாலைந்து வருடம் முன்பு எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் திடலில் நாங்களும் ஒரு கோப்பை நடத்தினோம். நான்தான் செயலாளர். செயலாளர் என்றால் கோடு போடுவது, கம்பம் நடுவது, எல்லாரிடமும் திட்டு வாங்குவது. ஏழு குழுக்கள் சேர்ந்தன. காலையில் மூன்று ஆட்டம், தோற்றவர் வெளியே. ஏழாவது குழு ஆடாமலே சாயங்கால அரையிறுதிக்குப் போகும். அது யார் என்பதை என்னையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள்.

ஏழில் ஒன்று காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் குழு. அதன் தலைவன் என் தம்பி. நான் பள்ளிக்கூடம் போய்ப் பேனா பிடித்தேன், அவன் தோட்டத்திலேயே நின்று, பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் மரம் வெட்டு வேலைக்குப் போனான். எங்கள் பட்டறை மேலாளரான வெள்ளைக்காரத் துரைக்குக் கால்பந்துப் பைத்தியம். நன்றாக ஆடுகிறவனைப் பார்த்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வார். ஆனால் அவர் டீ குடித்துவிட்டு சாயங்காலம் அரையிறுதிக்குத்தான் வருவார். தம்பி அவர் கண்ணில் பட வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியே வர அவனுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. தோட்டத்துரையிடம் கெஞ்சிக் கெஞ்சி ஒரே ஒரு நாள் விடுப்பு வாங்கியிருந்தான்.

ஆடாமலே அரையிறுதிக்குப் போகும் அந்த இடத்தை அவனுக்குக் கொடுத்திருக்கலாம். தூரத்திலிருந்து வருகிறவர்கள், யாரும் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத்தான் பயம். தம்பிக்குச் சலுகை காட்டினான் என்று குவார்ட்டர்ஸில் நாலு வாய் பேசும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எங்கள் அலுவலகக் குழுவுக்கு அதைக் கொடுத்தேன். காப்பார்க்காரர்களுக்கு முதல் ஆட்டம் போட்டேன். விருந்தாளிக்கு முதல் பந்தி போடுவது நம் வழக்கமில்லையா என்று எல்லாரிடமும் சொன்னேன். எனக்கே அந்தப் பேச்சு அழகாக இருந்தது.

விடியுமுன் லோரியில் கிள்ளானுக்கு வந்து, அங்கே ரயில் பிடித்து, இறங்கியதும் நேராகத் திடலுக்கு வந்தார்கள். கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலில் ஆடினார்கள். தம்பி ஒரு கோல் போட்டான். அப்படி ஒரு கோலை அந்தத் திடல் அதற்கப்புறம் பார்த்ததில்லை, பார்க்க வேண்டியவர்தான் அங்கே இல்லை. கடைசியில் கால் ஓய்ந்து, ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு தெரியாதா உங்களுக்கு? படைக்குப் போயி முந்த விட்டீங்களே!" என்று கொடி பிடித்துக் கோடு காப்பவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

தம்பி துணியை அவிழ்த்துக்கொண்டே, "அவ்வளவுதானா அண்ணே?" என்றான். அவ்வளவுதான் என்றேன். சாயங்காலம்வரை இருந்து துரையைப் பார் என்று சொல்ல நினைத்தேன். ஆட்டமில்லாமல் துரையிடம் எதைக் காட்டுவான்? மத்தியான ரயிலில் ஏறிவிட்டார்கள். ஆடாமல் வந்த எங்கள் அலுவலகக் குழு அரையிறுதியில் ஐந்து கோல் வாங்கியது. யாருக்கு எப்போது ஆட்டம் என்ற அந்தப் பட்டியலை யார் எழுதியது என்று தம்பி கேட்கவில்லை. குலுக்கல் என்று நினைத்திருப்பான் என்று நானே தேற்றிக்கொண்டேன். அடுத்த வருடம் பட்டறைத் துரை சீமைக்குப் போய்விட்டார்.

ஜாவாக்காரர்களின் செய்தியைப் படித்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காப்பாருக்குப் போனேன். தம்பி வெட்டு முடிந்து வந்து, பால் கறை போகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பேச வேறொன்றும் இல்லாமல் கோப்பைக் கதையைச் சொன்னேன். மூன்று வாரக் கப்பலைப் பற்றி, ஒரே ஆட்டத்தைப் பற்றி, ஆடாமல் போன சுவீடனைப் பற்றி.

கை தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டான்.

"அந்தப் பட்டியல எழுதுனவருக்கு ஜாவாக்காரங்க சொந்தமா அண்ணே?"

இல்லை என்றேன்.

"அப்ப தெரியாம செஞ்சிருப்பாரு" என்றான். துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட வாங்க என்று உள்ளே போனான். எனக்குத்தான் முதலில் இலை போட்டார்கள்.